சாவு வீட்டைத் தாண்டி வந்த பறை: திண்டுக்கல் பெண்கள் குழு மாற்றியது என்ன?

கரூர் எல்லையை ஒட்டிய குஜிலியம்பாறையாகட்டும், வேடசந்தூராகட்டும், திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் பறைச் சத்தம் கேட்டால் முதலில் எழுந்த கேள்வி, "யாரு செத்துப் போனது?" என்பதுதான். அடிப்பது யார் என்று யாரும் கேட்டதில்லை. குறிப்பிட்ட சாதியின் ஆண்கள்தான். கூப்பிட்டால் போயே ஆகவேண்டிய ஊழியம் அது. மறுத்தால் ஊர்ப்பகை, போனால் கொஞ்சம் காசு, கூடவே அவமானம்.

இதைத் தலைகீழாக்க முயன்றது திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு. கத்தோலிக்கக் கன்னியர் சகோதரி சந்திரா 1990 வாக்கில் தொடங்கியது. படிப்பை பாதியில் விட்ட தலித் இளம்பெண்களுக்கு இங்கே பறை, கும்மி, ஒயில் எனக் கலைகளும், கூடவே சொந்தக் காலில் நிற்கும் பயிற்சியும் கிடைக்கின்றன. இந்தப் பக்கம் ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளை படிப்பை விட்டால் பெரும்பாலும் அடுத்தது நூல் மில்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெண் பறை அடித்தால் என்ன மாறும்?

பறை என்பது மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் விறைப்பாக வரும். ஒரு கையில் மெல்லிய நீளக்குச்சி, மறு கையில் தடித்த குட்டைக்குச்சி. தோளில் மாட்டி, நிமிர்ந்து நின்று, காலைத் தரையில் ஓங்கி வைத்து ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும். "குனிஞ்ச தலை நிமிராம நட" என்று வளர்க்கப்பட்ட பெண்ணால் குனிந்துகொண்டு இதை அடிக்கவே முடியாது! தோலைத் தொட்டால் தீட்டு என்ற பேச்சும், பொம்பளைக்கு எதுக்கு மேளம் என்ற பேச்சும் ஒரே மேடையில் அடி வாங்குகின்றன.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இழிவின் அடையாளத்தை ஏன் மறுபடி தோளில் சுமக்க வேண்டும், விட்டொழிப்பதே விடுதலை என்று தலித் இயக்கங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. லேசாக ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல அது. சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் உண்டே. மேடைப் பறைக்கும் ஊழியப் பறைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: மேடையில் 'அடிக்க மாட்டேன்' என்று சொல்ல முடியும்.

மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையைத் தலித் விடுதலையோடு இணைத்ததும் இதே போக்குதான். அவரைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன், சக்தி குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படமும் எடுத்தார். 2018இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. 2025இல் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நகரங்களில் இன்று கட்டணம் கட்டிப் பறை கற்கிறார்கள், அதில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. கிராமத்துச் சாவு வீட்டில் அடிக்க எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் பல ஊர்களில் இன்னும் மாறவில்லை.