600 ரைஃபிளும் 4,512 மணி நேரமும்

1997 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை காலை 9.17. லாஸ் ஏஞ்சலிஸின் வட ஹாலிவுட் பகுதியில், லாரல் கேன்யன் சாலையில் இருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளைக்குள் இருவர் நுழைந்தார்கள். லாரி பிலிப்ஸ், எமில் மட்டசரேனு. உடலில் கவசம், கையில் தானியங்கியாக மாற்றப்பட்ட ரைஃபிள்கள். பெட்டகத்தில் ஏழரை லட்சம் டாலர் இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள் அள்ளியது 3,03,305 டாலர். அதிலும் கட்டுகளுக்குள் வங்கி ஒளித்து வைத்திருந்த சாயக் குப்பி வெடித்து நோட்டுகளைப் பாழாக்கியது. உள்ளே நுழைந்ததில் இருந்து கடைசிச் சத்தம் அடங்கும் வரை 44 நிமிடம்.

கொள்ளையர் சுட்டது சுமார் 1,100 தோட்டா. போலீசார் சுட்டது சுமார் 650. காயம்பட்டவர்கள் 12 காவலர், 8 பொதுமக்கள். இறந்தவர்கள் கொள்ளையர் இருவர் மட்டுமே. கொள்ளையர் சுட்டதில் 55 தோட்டாவுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள், ஒருவரும் சாகவில்லை. அன்றைய கணக்கில் நற்பேறு என்று எழுதக்கூடிய ஒரே வரி அதுதான்.

காவலர்கள் கையில் இருந்தவை 9 மி.மீ. பெரெட்டா கைத்துப்பாக்கி, .38 ரிவால்வர், சில ஷாட்கன். கைத்துப்பாக்கித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில், 500 ஜூல் ஆற்றலோடு புறப்படும். ஏகே வகை ரைஃபிளின் 7.62 தோட்டாவுக்கு வேகம் 700 மீட்டருக்கு மேல், ஆற்றல் 2,000 ஜூல் அளவில். ரோந்துக் காவலர் அணியும் மெல்லிய குண்டு துளைக்காத உடுப்பு முதல் வகையைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. எதிராளியின் கவசமோ காவலர் சுட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றது. சிறப்பு ஆயுதப் படை வந்து சேர்ந்தது துப்பாக்கிச் சூடு தொடங்கிப் 18 நிமிடம் கழித்து. இடையில் சில காவலர்கள் அருகில் இருந்த துப்பாக்கிக் கடைக்கே ஓடி ரைஃபிள் இரவல் வாங்கினார்கள்.

இது முதல் எச்சரிக்கையும் இல்லை. 1980 மே 9, அதே கலிபோர்னியாவின் நோர்கோவில் ஐந்து பேர் ஒரு வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு மலைப்பாதை நெடுக ரைஃபிளால் சுட்டுக்கொண்டும் குண்டு வீசிக்கொண்டும் தப்பியதில் ஒரு காவலர் உயிரிழந்தார். 33 காவல் வாகனங்கள் சேதமாயின. 1986 ஏப்ரல் 11, மியாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் மடக்கினார்கள். அந்த எட்டில் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் ஒரே ஒரு மினி-14 ரைஃபிளால். எண்ணிக்கையில் நாலுக்கு ஒன்று என்ற பலம் போலீசுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

வட ஹாலிவுட்டுக்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் உபரிக் கிடங்கிலிருந்து 600 எம்-16 ரைஃபிள்களை லாஸ் ஏஞ்சலிஸ் போலீசுக்குக் கொடுத்தது. இனாம். ராணுவ உபரியை உள்ளூர்க் காவலுக்குக் கைமாற்றும் அந்தத் திட்டத்தில், தொடங்கிய நாள் முதல் நாடெங்கும் போன சரக்கின் கொள்முதல் மதிப்பு 700 கோடி டாலரைத் தாண்டும். ரோந்து வண்டியில் ஒரு ரைஃபிள் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த 18 நிமிடத்தைக் கைத்துப்பாக்கியோடு கழித்த காவலரின் மனைவியிடம் போய் வேறு மாதிரி வாதாட யாராலும் முடியாது.

ஆனால் பிலிப்ஸ், மட்டசரேனு இருவரின் பேரேட்டில் மூன்று ஆண்டுக்கும் மேல் முந்தைய பக்கம் ஒன்று இருக்கிறது. 1993 அக்டோபரில் கிளெண்டேல் நகரில் வேகமாக ஓட்டியதற்காக ஒரு போலீஸ்காரர் அவர்கள் காரை நிறுத்தினார். காருக்குள் கிடைத்தவை: ரைஃபிள் 2, கைத்துப்பாக்கி 2, ரைஃபிள் தோட்டா 1,600க்கு மேல், கைத்துப்பாக்கித் தோட்டா ஏறத்தாழ 1,200, புகைக் குண்டுகள், கவச உடுப்புகள், மாற்று எண் தட்டுகள். தண்டனை சுமார் 100 நாள் சிறை, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் போக, பறிமுதல் செய்ததில் பெரும்பகுதியைத் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். 600 ரைஃபிள் பின்னால் செய்ய வேண்டியிருந்த வேலையை ஒரு சாதாரண வாகனச் சோதனை முன்னாலேயே முடித்து வைத்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

வாகனச் சோதனையின் மதிப்பை எண்களால் அளந்த ஊர் கேன்சஸ் சிட்டி. ஆனால் அது முதலில் அளந்தது ரோந்தையே. 1972-73இல் அங்கே 15 ரோந்துப் பகுதிகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஒரு ஐந்தில் வழக்கமான ரோந்து, ஒன்றில் ரோந்தே இல்லை, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு. குற்ற எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. மக்களும் கவனிக்கவில்லை. ஊர் முழுக்கப் பரப்பித் தெளிக்கும் ரோந்து வீண் என்று அன்றே தெரிந்தது.

ஏன் வீண் என்பது மினியாபொலிஸ் கணக்கில் தெரிந்தது. லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியலாளரும் அவர் குழுவினரும் 1980களின் நடுவில் ஓராண்டில் போலீசுக்கு வந்த 3,23,979 அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்தார்கள். நகரத்தின் சுமார் 1,15,000 இடங்களில் வெறும் 3.3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. வழிப்பறி அத்தனையும் 2.2 சதவீத இடங்களில் நடந்திருந்தது. ‘மோசமான ஏரியா’ என்று நாம் ஒதுக்கிவைக்கும் பேட்டையிலும் பெரும்பாலான இடங்களில் குற்றம் அரிது. குற்றம் தெரு முனைகளில் குடியிருக்கிறது. அப்படிப்பட்ட முனையில் காவலர் சுமார் 15 நிமிடம் நின்றுவிட்டுப் போனால், அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்கிறது என்பது அடுத்த சோதனையில் கிடைத்த தகவல்.

1992 ஜூலையில் ஷெர்மன் கேன்சஸ் சிட்டியின் 144ஆம் ரோந்துப் பகுதியை எடுத்துக்கொண்டார். எட்டுக்குப் பத்து தெரு, மக்கள்தொகை 4,528. 1991இல் மட்டும் அங்கே கொலை 8, ஆயுதக் கொள்ளை 72. லட்சத்துக்கு 177 கொலை, தேசிய சராசரியைப் போல் இருபது மடங்கு. 29 வாரம், இரவு 7 முதல் 1 வரை, இரண்டு வண்டி, நான்கு காவலர், எல்லாம் மிகைநேரப் பணி. வேறு அழைப்புக்குப் போகத் தேவையில்லை, துப்பாக்கி தேடுவது ஒன்றே வேலை.

செலவு 4,512 காவலர் மணி நேரம். அந்த ரோந்து கைப்பற்றியது 29 துப்பாக்கி. வகுத்தால் ஒரு துப்பாக்கிக்கு 156 மணி நேரம், ஒரு காவலரின் ஒரு மாத உழைப்புக்குச் சற்றுக் குறைவு. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பகுதியில் பிடிபட்ட துப்பாக்கிகள் மொத்தம் 46இலிருந்து 76 ஆக உயர்ந்தபோது, துப்பாக்கிக் குற்றங்கள் 169இலிருந்து 86க்கு இறங்கின. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த இன்னொரு பகுதியில் அதே காலத்தில் 184, 192 ஆனது. தடுக்கப்பட்ட 83 குற்றங்களுக்கு 4,512 மணி நேரத்தைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 54 மணி நேரம். ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கைத் துப்புத் துலக்கவும், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் தேற்றவும் இதைவிட அதிகம் பிடிக்கும்.

இந்தப் பேரேட்டில் நிர்வாகங்கள் நிரப்ப விரும்பாத பத்தி ஒன்று உண்டு: நிறுத்தப்பட்ட நிரபராதிகள். கேன்சஸ் சிட்டி ரோந்தில் போக்குவரத்து விதி மீறிய வாகனங்களை நிறுத்தியபோது 28க்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. நியூயார்க்கில் 2011இல் நடந்துபோனவர்களை 6,85,724 முறை நிறுத்தினார்கள். கிடைத்த துப்பாக்கி 780, அதாவது 879 நிறுத்தலுக்கு ஒன்று. நேருக்கு நேர் ஒப்பிட இரண்டும் ஒரே தரவு இல்லைதான். இருந்தும் இடைவெளி மிகப் பெரிது. நியூயார்க்கில் நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 87 பேர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும். நூற்றுக்கு 88 பேர் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆறு லட்சம் தடவை ஒரு குற்றமற்ற ஆளைத் தெருவில் கைதூக்கி நிற்க வைப்பது என்பது எனக்குச் செலவாகத்தான் தெரிகிறது, அதுவும் கடனாக எழுத வேண்டிய செலவு. நாளை சாட்சி சொல்ல அவர்களைத்தானே கூப்பிட வேண்டும்? 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது. 2017க்குள் நிறுத்தல்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் கீழே போயின. நகரின் கொலைகள் அதற்குள் 515இலிருந்து 292 ஆகியிருந்தன.

கேன்சஸ் சிட்டி ரோந்தின் மிகைநேரக் கூலி கூட்டாட்சி அரசின் மானியத்தில் வந்தது. 1993 ஜனவரியில் அந்தப் பணம் தீர்ந்ததும் ரோந்து நின்றது. அடுத்த ஐந்து மாதத்தில் 144ஆம் பகுதியில் துப்பாக்கிக் குற்றங்கள் மறுபடியும் ஏறத் தொடங்கின.