இருந்தால் சேர், இல்லாவிட்டால் விடு

திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் இருக்கும் சி-டாக் வடிவமைத்த வேகா செயலி வரிசையில் சின்னது தேஜஸ்32 சிப். வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 கிலோபைட். அதைச் சுமந்து வரும் ஏரீஸ் போர்டில் கம்பைலர் எதுவும் ஓடாது. மடிக்கணினியில் கம்பைல் செய்து, யூஎஸ்பி கேபிள் வழியே ஏற்றவேண்டியதுதான். லினக்ஸ் ஓடக்கூடிய 64 பிட் வேகாக்களுக்கும் நடைமுறை இதுவே. பெரிய மென்பொருளை அங்கேயே கம்பைல் செய்ய உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். ஒரு வகைச் செயலியில் உட்கார்ந்து இன்னொரு வகைக்குக் கம்பைல் செய்கிற இந்த கிராஸ் கம்பைல் வேலை பழையது. அதில் அன்றும் சரி, இன்றும் சரி, கட்டாயமான லைப்ரரிகள் ஆளைப் படுத்துவதில்லை. அவை இல்லையென்றால் கம்பைல் நின்றுவிடும், காரணம் திரையிலேயே இருக்கும். படுத்துகிறவை, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நிரலை எழுதியவர் நினைத்த விருப்ப லைப்ரரிகள்.

2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டுகளில் சிறிய போர்டில் லினக்ஸை ஏற்ற விரும்பியவர் முதலில் கம்பைலரையே கட்டவேண்டும். பின்யூட்டில்ஸ், பாதி ஜிசிசி, கெர்னல் ஹெடர்கள், சி லைப்ரரி, அப்புறம் முழு ஜிசிசி. எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்பது கேள்விஞானம். இத்தனையும் முடிந்த பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பிக்கும்.

மென்பொருளோடு வரும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் கணினியை மோப்பம் பிடிக்கும். எந்த லைப்ரரி இருக்கிறது, எந்த ஃபங்ஷன் சரியாக இயங்குகிறது என்று அறிய, ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும். சொந்தக் கணினிக்கென்றால் இது அருமையான ஏற்பாடு. ஆர்ம் செயலிக்கான குட்டி நிரலை இன்டெல் கணினியில் எப்படி ஓட்டுவது? ஓட்ட முடியாத இடத்தில் ஸ்கிரிப்ட் மோசமானதை அனுமானித்துக்கொள்ளும். நினைவகம் கேட்கும் ‘மேலாக்’ ஃபங்ஷன் பழுது என்று அதுவாகவே முடிவுகட்டி, ‘ஆர்பிஎல்_மேலாக்’ என்ற மாற்றுப் பெயரைச் செருகும். அந்தப் பெயரில் ஃபங்ஷன் எங்கும் இருக்காது. லிங்க் செய்யும்போது பிழை விழும். அனுபவஸ்தர்கள் இதற்கான பதில்களை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதி ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் அது பிழை காட்டி நிற்கும் ரகம். விருப்ப லைப்ரரி அப்படி நிற்காது. திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான ‘செக்கிங் ஃபார்’ வரிகளில் ஒன்றின் முடிவில் ‘நோ’ என்று வரும். கம்பைல் தொடரும், வெற்றியாகவே முடியும். அந்த வசதி இல்லாத நிரல் போர்டுக்குப் போய்ச் சேரும். ‘யெஸ்’ என்று வந்தாலும் நிம்மதி கிடையாது. ஸ்கிரிப்ட் கண்டது போர்டுக்கான லைப்ரரியா, மடிக்கணினியில் ஏற்கெனவே கிடந்ததா? அக்காலத்து லைப்ரரிகள் பல ‘ஜிடிகே-கான்ஃபிக்’ போல ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தன. அவை கூசாமல் மடிக்கணினியின் பாதையைச் சொல்லும். லிங்கர் ‘பொருந்தவில்லை, தவிர்க்கிறேன்’ என்று முணுமுணுத்தால் அது நல்ல காலம். ஹெடர் மட்டும் மடிக்கணினியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டால் முணுமுணுப்பும் இராது.

ஆக, ஒரே மூல நிரலை இரண்டு பேர் கம்பைல் செய்தால் இரண்டு விதமான நிரல்கள் கிடைத்தன. ஒருவர் போன மாதம் வேறு எதற்காகவோ நிறுவிய லைப்ரரி இன்றைய நிரலின் உள்ளடக்கத்தைத் தீர்மானித்தது. யார் முடிவெடுத்தது என்று கேட்டால் கைகாட்ட ஆளில்லை.

இன்று கைகாட்டலாம். கர்ல் இதற்கு நல்ல உதாரணம். கார், டிவி, ரவுட்டர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கும், இணையத்திலிருந்து தரவை இழுத்துவரும் நிரல் அது. அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நெடுங்காலம் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐத் தேடும். கிடைக்காவிட்டால் ஓர் எச்சரிக்கையோடு எச்டிடிபிஎஸ் இல்லாமலே கம்பைல் ஆகிவிடும். போர்டில் ஏற்றிய பிறகுதான் ‘எச்டிடிபிஎஸ் ஆதரவில்லை’ என்று அது கையை விரிக்கும். 2021இல் வந்த 7.77.0 பதிப்பில் இதை மாற்றினார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி எந்த டிஎல்எஸ் லைப்ரரி வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றால் அதையும் வாயைத் திறந்து சொல், இரண்டும் இல்லாவிட்டால் கம்பைல் கிடையாது. வேண்டாததையும் எழுதிச் சொல்லவைத்ததுதான் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் என்பேன்.

போர்டுக்கான லினக்ஸை மொத்தமாகக் கட்டித்தரும் கருவிகள் பில்ட்ரூட்டும் யோக்டோவும். பில்ட்ரூட்டின் செய்முறைக் கோப்புகளில் அந்த மாற்றம் அப்பட்டமாகத் தெரியும். இசட்லிப் என்ற சுருக்க லைப்ரரி தேர்வாகியிருந்தால் ‘வித்-இசட்லிப்’. அதன் கீழே ‘எல்ஸ்’. அடுத்த வரியில் ‘வித்அவுட்-இசட்லிப்’. புதிதாகச் செய்முறை எழுதுகிறவர்கள் சோம்பலில் விட்டுவிடுவது அந்தக் கடைசி வரியைத்தான், மறுபரிசீலனை செய்கிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். யோக்டோ இன்னும் ஒரு படி மேலே போனது. 2017இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அடுக்களை; அது கேட்ட லைப்ரரிகள் மட்டுமே அதன் கண்ணில் படும். பக்கத்து வீட்டு மிளகாய்த்தூள் தவறி விழ வழியில்லை. இருந்தும் பழைய பழக்கம் ஒழியவில்லை. கம்பைலை நடத்தும் மெசான் கருவியில் ஒரு வசதியை ‘இயக்கு’, ‘அணை’ என்று சொல்வதோடு ‘ஆட்டோ’ என்றும் விடலாம். பல மென்பொருட்கள் ஆட்டோவில்தான் வருகின்றன.

எழுதிச் சொல்வது சரி, யார் எழுதுகிறார்கள்? நம் மொழிகளுக்கு இந்தக் கேள்வி வெறும் பொறியியல் அல்ல.

யூனிகோடுக்கு முன்பு எம்எல்-டிடிகார்த்திகா போன்ற மலையாள எழுத்துருக்களும் நம் டாம், டாப், டிஸ்கி குறியாக்கங்களும், எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்தன. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். வரிசையாக வரையத் தெரிந்த எந்த அப்பாவி நிரலும் சரியாகக் காட்டிவிடும். யூனிகோட் வந்த பிறகு எழுத்துகள் உச்சரிப்பு வரிசைக்கு மாறின. கொம்பை இழுத்து முன்னால் வைப்பதும், மலையாளக் கூட்டெழுத்தில் ர-வின் குறியை முன்னே நகர்த்துவதும் ஹார்ஃப்பஸ் போன்ற லைப்ரரியின் வேலையாயிற்று. மேசைக் கணினியிலும் கைபேசியிலும் அது எப்போதும் இருக்கிறது. போர்டில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. சிறு திரைகளுக்குப் படம் வரையப் பலரும் பயன்படுத்தும் பைத்தானின் பில்லோவில், ஹார்ஃப்பஸை அழைக்கும் ராக்ம் லைப்ரரி விருப்பத்துக்குரியது. கம்பைல் நேரத்தில் கண்ணில் பட்டால் சேரும். படாவிட்டால் எளிய வரிசைமுறையில் எழுத்துகளை அடுக்கும். ஆங்கிலத்துக்கு வித்தியாசமே தெரியாது. ‘கொல்லம்’ என்ற ஊர்ப்பெயரிலோ க முன்னே நிற்க, கொம்பும் காலும் அதன் பின்னால் தொங்கும்.

போர்டில் இடம் போதவில்லை என்றதும் முதலில் வெட்டு விழுவதும் மொழி வசதியில்தான். ‘டிசேபிள்-என்எல்எஸ்’, அதாவது மொழிபெயர்ப்பு வேண்டாம் என்ற தேர்வு, எம்பெடெட் உலகில் யோசிக்காமல் எழுதப்படுவது. பில்ட்ரூட்டில் மொழிபெயர்ப்பு வசதி அணைந்த நிலையிலேயே வருகிறது. பள்ளிக் கணினிகளையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய கேரளத்தில், போர்டு அளவில் மலையாளம் இன்னும் ஒருவர் நினைவாக ‘ஆன்’ செய்யவேண்டிய வசதியாக இருக்கிறது. தமிழுக்கும் அதே கதிதான்.

2022 ஏப்ரலில் மத்திய அரசு டிஐஆர்-வி திட்டத்தை அறிவித்தது. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் உள்நாட்டுச் செயலிகள் என்பது நோக்கம். திருவனந்தபுரத்து வேகாவும் சென்னை ஐஐடியின் சக்தியும் அதன் இரு தூண்கள். புதுக் கட்டமைப்பு என்றால் பழைய வினை திரும்பி வரும். ரிஸ்க்-ஃபைவ் பிறக்கும் முன்பு வெளியான மென்பொருட்களின் ஸ்கிரிப்டுகள் அந்தப் பெயரையே அடையாளம் காணாமல் வாசலில் மறிக்கும். ஒரு கோப்பைப் புதுப்பித்தால் வழிவிடும். வட்டச் சிக்கல்கள் அப்படி அல்ல. எழுத்துருவைப் படிக்கும் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும். ஹார்ஃப்பஸ் தன் பங்குக்கு ஃப்ரீடைப்பைக் கேட்கும். ஒன்றுமில்லாத தரையிலிருந்து தொடங்குகிறவர் ஹார்ஃப்பஸ் இல்லாத ஃப்ரீடைப்பைக் கட்டி, அதை வைத்து ஹார்ஃப்பஸைக் கட்டி, மறுபடி ஃப்ரீடைப்பைக் கட்டுகிறார். இந்த மாதிரி முடிச்சுகளை ஆண்டுக்கணக்கில் அவிழ்த்த பிறகே, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸில் 64 பிட் ரிஸ்க்-ஃபைவுக்கு முதன்முறையாக அதிகாரபூர்வ இடம் கிடைத்தது.

விருப்ப லைப்ரரியைப் பாதுகாப்புக் கண்ணோடு பார்க்கவைத்தது 2024 மார்ச். எக்ஸ்இசட் சுருக்க லைப்ரரிக்குள் யாரோ பின்கதவு வைத்திருப்பதை நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். குறி, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச். அதற்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் அதில், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லைப்ரரியை ஒட்டியிருந்தன, சிஸ்டம்டி எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது. பின்கதவு வெளிப்படும் முன்பே சிஸ்டம்டி இத்தகைய சுருக்க லைப்ரரிகளைத் தேவைப்படும் கணத்தில் மட்டும் திறக்கும் முறைக்கு மாறத் தொடங்கியிருந்தது. நல்ல மாற்றம்தான், கிராஸ் கம்பைல் செய்கிறவருக்கு ஒரு புதுத் தலைவலியோடு. நிரலுக்கு என்னென்ன லைப்ரரி வேண்டும் என்று ‘ரீட்எல்ஃப்’ காட்டும் பட்டியலில் இவை வருவதில்லை. இதற்கென்று நிரல் கோப்பிலேயே தனிக் குறிப்பு எழுதிவைக்கும் வழக்கத்தையும் சிஸ்டம்டி தொடங்கியிருக்கிறது. எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றும்வரை, போர்டில் ஏற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளவேண்டும்: ஓர் எச்டிடிபிஎஸ் முகவரியை இழுத்துப் பார்ப்பது, சுருக்கிய கோப்பு ஒன்றை விரித்துப் பார்ப்பது, திரையில் ‘கொல்லம்’ என்று எழுதிப் பார்ப்பது.