கடலோர வீட்டு ஏசி ஏன் சீக்கிரம் கெடுகிறது?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடியிருக்கிறீர்களா? ஏசியின் வெளிப்பெட்டியைப் பின்பக்கமாகப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் வெண்பொடியாக உதிர்கின்றனவா?

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை; அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதைக் காற்றில் விடுவது இந்தத் தகடுகள்தான்.

ஊறுகாய் ஜாடிக்குள் அலுமினியக் கரண்டியைப் போட்டு வைப்பீர்களா? உப்பும் ஈரமும் அரித்துவிடும். கடற்காற்று செய்வதும் அதுவே. இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. தகடு அலுமினியம், அதற்குள் ஓடும் குழாய் பெரும்பாலும் செம்பு. உப்புநீர் இரண்டையும் சேர்த்து நனைத்தால் அந்த இடம் ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம். எண்ணூர்ப் பக்கம் புகையிலுள்ள கந்தக வாயு ஈரத்தில் அமிலமாகி, அரிப்பைக் கூட்டும்.

தகடு தேய்ந்தால் வெப்பம் சரியாக வெளியேறாது. கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். கரண்ட் பில் ஏறும்.

புதிது வாங்கும்போது, தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

கழற்றப்போகும் பழைய ஏசியின் குழாய்க்குள் இருப்பது ஆர்-22 வாயுவா? அது ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அதை நிரப்பிப் புது ஏசி தயாரிப்பது இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கழற்ற வரும் மெக்கானிக்கிடம், வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள்.