உங்களுக்குத் தெரியுமா? வழியோரத்து மண் குதிரைகள்

லிஸ்பன் நகரத்தில் கழிவுப் பொருள்களால் சமைத்த மிருக உருவங்களைக் காணவென்றே யாத்திரிகர் தெருத்தெருவாக நடப்பதுண்டு. அத்தகைய விநோதத்தில் பிரியமுள்ள அன்பர் புதுக்கோட்டைச் சீமையில் கால்நடையாகப் புறப்பட்டால், திருமயம் சாலையிலுள்ள நமணசமுத்திரத்து அய்யனார் சந்நிதியில், வேளார் மரபினர் வனைந்து சுட்ட மண் குதிரைகள், தலைமுறைகளின் நேர்த்திக்கடனாக வந்து சேர்ந்து, சில புத்தொளியோடும் சில கால் உடைந்தும் வரிசையாக நிற்கக் காண்பர். நூதனசாலைப் பொருள்களுக்கு இல்லாத ஜீவகளை இவற்றுக்கு உண்டென்பது என் துணிபு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்திலோ, முப்பது அடிக்கும் மேல் உயர்ந்த அய்யனாரின் அசுவத்துக்கு, மாசிமகத்தன்று பக்தர்கள் நெடிய காகித மாலைகளைச் சாத்துகின்றனர். இவற்றினும் மூத்த மிருகச் சித்திரங்கள் சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் உள்ளன: 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைத் தடாகம், அதில் யானை, எருமை, அன்னம், மீன்.