தாகத்தை அடக்கிக்கொண்டு பயணம் வேண்டாம்



சித்திரை, வைகாசி வந்தாலே திருவிழா, கல்யாணம், அம்மா வீடு என்று பயணம்தான். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. இடுப்பில் பிள்ளை, கையில் பை, மேலே அனல். இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை ஒன்று நமக்கு உண்டு. "வழியில ஒதுங்க இடமில்லையே" என்று பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறோம்.

இது சரியா? வெயிலில் வேர்வையாக நீர் போய்க்கொண்டே இருக்கும். குடிக்காவிட்டால் தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு வரும். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

* விடியற்காலை பஸ்ஸில் கிளம்புங்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை பயணம் வேண்டாம்.
* தண்ணீர், நீர்மோர் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.
* பஸ் மாறும் இடத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். அவசரம் என்றால் கண்டக்டரிடம் சொல்ல வெட்கம் வேண்டாம்.
* பிள்ளைக்குப் பேதியானால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள்.
* உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

மே 1 அன்று கிராம சபை கூடும். நம் ஊர் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை, குடிதண்ணீர், பெண்கள் கழிப்பறை வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுவோம். தனியாகக் கேட்பதைவிடக் குழுவாகப் போய்க் கேட்டால் காது கொடுப்பார்கள் அல்லவா?