உடல் சொல்லும் எண்கள் – 9: ஒரே உயரம், ஒரே எடை, இரண்டு கணக்கு

சென்ற வாரம் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பார்த்தோம். இந்த வாரம் உயரமும் எடையும். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நர்ஸ் குறித்துக்கொள்ளும் இந்த இரண்டை வைத்து இரண்டு கணக்குகள் போடலாம். ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்லாது.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். உயரம் 1.6 மீட்டர்; அதை அதனாலேயே பெருக்கினால் 2.56. 64-ஐ 2.56-ஆல் வகுத்தால் 25. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் ‘அதிக எடை’ தொடங்குவதே இங்கேதான். 2009-ல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட அளவுகோலிலோ அதிக எடை 23-லேயே தொடங்கிவிடுகிறது. 25 வந்தால் உடல் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? புணேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்களையே உதாரணமாக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மிஷினுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. ஒரே பி.எம்.ஐ.யில் நம்மவர்களுக்குக் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால்தான் இடுப்பளவையும் பார்க்கச் சொல்கிறார்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இரண்டாவது கணக்கு, உடலின் மேற்பரப்பு. இது குண்டா ஒல்லியா என்று பார்ப்பதற்கல்ல, மருந்தை அளப்பதற்கு. 1916-ல் அமெரிக்காவின் டு பாய்ஸ் இருவர் தந்த சூத்திரம் தசம அடுக்குகளால் ஆனது. 1987-ல் மோஸ்டெல்லர் கணக்கை எளிதாக்கினார்: செ.மீ.யில் உயரத்தைக் கிலோவில் எடையால் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் போதும். நம் பெண்மணிக்கு 1.69 சதுர மீட்டர்.

அவருக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 60 மி.கி.; இவருக்கு ஏறக்குறைய 101 மி.கி. சிகிச்சையின் நடுவே 10 கிலோ இளைத்துவிட்டால் பி.எம்.ஐ. 21-க்கு இறங்கி, ‘நார்மல்’ என்று நல்ல பெயர் வாங்கிவிடும். மேற்பரப்போ 1.55 ஆகிறது, மருந்தை 93 மி.கி.யாகக் குறைக்க வேண்டும். எடை ஏன் இறங்கியது என்றும் டாக்டர் தேட வேண்டும். கீமோவுக்குப் போகும்போதெல்லாம் எடை பார்ப்பது இதற்காகத்தான். “போன தடவை பார்த்த எடையையே போட்டுக்கோங்க” என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கிட்னி ரிப்போர்ட்டிலும் இந்தச் சதுர மீட்டர் வரும். அங்கே யாராக இருந்தாலும் 1.73 என்றே அச்சாகியிருக்கும். அது யாருடைய உடம்பு? அடுத்த வாரம்.

(தொடரும்)