பழைய வண்டியிற் புதிய உறுப்பு

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனர் முதலிய பழைய மோட்டார் வண்டிகளை இன்றும் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த மைனர் வண்டி 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 ஆம் ஆண்டுடன் அங்கு அதன் உற்பத்தி நின்றது. 1990 ஆம் ஆண்டை அடுத்து வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே, பெற்றோல் கிடையாதபோது, எம்மவர் இத்தகைய வண்டிகளை மண்ணெண்ணெயிலும் ஓட்டினர். எஞ்சின் மீது அன்று பிறந்த அக்கறை, சில்லைத் தாங்கும் உறுப்புக்கள் மீதும் வேண்டற்பாலது. எஞ்சின் பழுதுற்றால் வண்டி நிற்கும். தாங்கும் மூட்டுக் கழன்றாலோ சில்லு மடிந்து, உள்ளிருப்போர் உயிருக்கே தீங்கு நேரும்.

மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றையும் நிமிர்ந்த தண்டொன்று தாங்குகின்றது. அதன் மேல்முனை அதிர்ச்சி தாங்கியின் கையோடும், கீழ்முனை மரையுள்ள மூட்டொன்றின் வழியாகக் கீழ்க்கையோடும் பொருந்தும். வண்டியின் நீளப்பாட்டில் அமைந்த முறுக்குத் தண்டு வில்லின் தொழிலைச் செய்யும். பின்சில்லுகளுக்குப் பட்டை வில்லுகள் உள.

முதலிற் சோதிக்கத்தக்கது கீழ்மூட்டே. கிறீஸ் இன்றேல் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு மூட்டினின்றும் கழன்றுவிடும். சில்லை நிலத்தினின்று உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைக்குக. அப்போது மூட்டிலே தளர்ச்சி தோன்றின் அதனை மாற்றுதல் வேண்டும். இடப்புறத்து மூட்டும் வலப்புறத்து மூட்டும் வெவ்வேறானவை. ஒன்றற்கு மற்றொன்று பொருந்தாது.

கழற்றுமுன் வண்டியின் உடலை உறுதியான இரும்புத் தாங்கிகளில் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பி அடியிற் புகுதல் ஆகாது. சீமெந்துக் கல் திடீரெனப் பிளக்கும். முறுக்குத் தண்டிலே பெருவிசை அடங்கியிருத்தலின், கீழ்க்கையின் அடியில் ஜக்கை வைத்துத் தாங்கிய பின்னரே மேல்மூட்டைக் கழற்றி, கையை மெல்ல மெல்ல இறக்குக. முறுக்குத் தண்டுகளையும் பக்கம் மாற்றிப் பூட்டலாகாது. ஒரு பக்கமாகவே முறுகிப் பழகியவை அவை. அவற்றின் மேற் கீறல் விழாமலும் காத்தல் வேண்டும். சிறு கீறலே முறிவுக்கு வித்தாகும்.

இனி, பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. கீழ்க்கையின் உட்பக்க மூட்டிலும் பட்டை வில்லின் முனைகளிலும் றப்பர் புஷ்கள் உள்ளன. இறுக்கிய பின் றப்பர் வழுக்கிச் சுழலுவதன்று. தன்னுள்ளே முறுகிக் கொடுப்பது. சில்லுத் தொங்கும் நிலையில் நட்டை முற்றாக இறுக்கினால், வண்டியை இறக்கியவுடனேயே றப்பர் முறுகிவிடும். நின்றாலும் ஓடினாலும் அம்முறுக்கு நீங்காது. பள்ளந்தோறும் அது மிகுந்து, புதிய புஷ் விரைவிற் கிழியும். குறை பொருளில் அன்று, பூட்டிய முறையிலேயே உளது. ஆகவே முதலில் நட்டுக்களை அளவாக இறுக்குக. வண்டியை நிலத்தில் இறக்கி, முன்னும் பின்னும் சிறிது உருட்டி, அதன் பாரம் சில்லுகளிற் பொறுத்த பின்னரே முழுதும் இறுக்குக.

புஷ்களை இருபக்கமும் ஒருங்கே மாற்றுதல் நன்று. இன்றேல் வண்டி ஒருபுறம் சாயவோ இழுக்கவோ கூடும். பூட்டி முடிந்தபின், பழைய கிறீஸ் வெளிவருமளவும் மூட்டிற்குப் புதுக் கிறீஸ் செலுத்துக. முன்சில்லுகளின் நேர்மையை அளந்து திருத்துக. சில நாள் ஓடியபின் நட்டுக்களை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்குக. அதன் பின்னரே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லலாம்.